புலிக்கு எந்தத் துப்பாக்கி?

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடிதான் இடம். மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஆளுக்கு ஒரு தே தாரேக் சொல்லிவிட்டால் கடைக்காரர் எங்களை விரட்டமாட்டார். சென்ற மாதம் வேட்டை எழுத்தை எடுத்துக்கொண்டோம். ஜிம் கார்பெட்டின் ‘குமாயூனின் ஆட்கொல்லிப் புலிகள்’ (1944), கென்னத் ஆண்டர்சனின் ‘ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு முரட்டு யானையும்’ (1954), ஆர்தர் லாக்கின் ‘திரங்கானுவின் புலிகள்’ (1954). மூன்றும் ஆங்கில நூல்கள். இரண்டு இந்தியாவைப் பற்றியவை, ஒன்று நம் மண்ணைப் பற்றியது.

கார்பெட்டின் உரைநடையைப் பற்றி நான் குறிப்பெல்லாம் எடுத்துப் போயிருந்தேன். தொடங்குவதற்கு முன்பே கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கை தூக்கினார்.

“அண்ணே, ஒரு டவுட்டு. இப்ப ஒரு ஆட்கொல்லிப் புலிய சுடப் போறோம்னு வச்சுக்குங்க. எந்தத் துப்பாக்கிண்ணே எடுத்துட்டுப் போகணும்?”

அவ்வளவுதான். கணினி விளையாட்டில் துப்பாக்கி பழகியவர்கள் ஒரு பக்கம், யூடியூப் பார்த்தவர்கள் மறுபக்கம். 12 போர் என்றார் ஒருவர். அது பன்றிக்குத்தான் லாயக்கு என்றார் இன்னொருவர். .375 என்று மூன்றாவது குரல். ஒரு மணி நேரம் போனது. இலக்கியம் பேச வந்த இடத்தில் தோட்டாவின் எடையைப் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்குள் எரிச்சல்.

அன்றிரவு கிள்ளானில் பாட்டியிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். பாட்டி 1950களில் உலு சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர். காதில் ஹியரிங் எய்டை அழுத்திக்கொண்டு முழுதும் கேட்டார்.

“துப்பாக்கி தொரைக்குடா. எங்களுக்குத் தகரந்தான். புலித்தடம் இருக்குன்னு மண்டோர் சொன்னா, காலி மண்ணெண்ணெய் டின்ன தட்டிக்கிட்டே நிரைக்குள்ள போவோம். தொரை சுட்டுப் புலி செத்துருச்சுன்னா நிம்மதி. சுட்டுத் தப்பிச்சிருச்சுன்னா, தொரை பங்களாவுக்குப் போயிருவாரு. மறுநா விடிகாலைல அதே காட்டுக்கு நாங்கதான் போகணும்.”

தம்பியின் கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல என்று அப்போதுதான் உறைத்தது. வேட்டை எழுத்தை மதிப்பிட அதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. துப்பாக்கித் தேர்வைப் பற்றி ஓர் எழுத்தாளர் எப்படி எழுதுகிறார் என்பதை வைத்தே, குறி தப்பினால் அடுத்த நாள் யார் சாவார்கள் என்பது அவருக்குத் தெரியுமா என்று சொல்லிவிடலாம்.

*

முதலில் தம்பியின் கேள்விக்கே வருகிறேன். 12 போர் என்பது ஒரு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அந்த அளவு. ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். அதில் போடும் பெரிய ரவைகள் சில அடி தூரத்தில் ஒரே கொத்தாகப் போய் அறையும். தூரம் கூடக்கூட ரவைகள் விரிந்துவிடும். முப்பது நாற்பது மீட்டரைத் தாண்டினால் புலியின் உடலில் இரண்டு மூன்று ரவைகள் மட்டும் தைக்கும். அது சாகாது. சீழ் பிடித்து, நொண்டி, ஓடும் இரையைப் பிடிக்க முடியாமல், ஓடத் தெரியாத இரையைத் தேடி வரும்.

ராணுவ ரைபிளில் வேறு சிக்கல். முழுதாக உறையிட்ட குண்டு விரியாமல் உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புலி அந்த இடத்திலேயே விழ வேண்டுமானால் முனை மழுங்கி விரிகிற குண்டு தேவை. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் அப்படிப்பட்ட குண்டுகளை ராணுவத்துக்காகச் செய்தார்கள். 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் போரில் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரகடனம் வந்தது. மனிதர்களுக்குக் கொடூரம் என்று விலக்கிய அதே குண்டுதான் புலிக்குக் கருணை. அரைகுறைக் காயத்தோடு அலையவிடாமல் கொல்கிறது.

அடுத்தது இரண்டாவது வெடி. இரட்டைக்குழல் ரைபிளில் விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் போதும். தாழ்ப்பாளை இழுத்துத் தள்ள வேண்டிய ரைபிளில் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள் புலி இருபது மீட்டரைக் கடந்துவிடும். சிறுத்தை எடை குறைந்தது, அதற்கு இலகுவான ரைபிள் போதும். கார்பெட் கனமான .450/400 இரட்டைக்குழலையும் இலகுவான .275 ரிக்பியையும் வைத்திருந்தார்.

இவ்வளவையும் ஒரு கையேட்டில் படித்துக்கொள்ளலாம். இலக்கியம் கணக்கு பிசகும் இடத்தில் தொடங்குகிறது.

*

சம்பாவத் புலியை கார்பெட் கொன்றது 1907இல். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி அது. பொதுவாக நம் வாசகர்கள் இந்தக் கதையில் நினைவு வைத்திருப்பது அந்த எண்ணைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று, கார்பெட் அன்று எடுத்துப்போன தோட்டாக்கள் மூன்றே மூன்று. அவை தீர்ந்தபோதும் புலி நின்றுகொண்டிருந்தது. அவர் ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவருகிறார். குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரியும் அளவுக்குப் பழுதான துப்பாக்கி அது. திறந்த வாய்க்குக் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு பாதத்தில் படுகிறது. புலி முன்பு பட்ட காயங்களாலேயே சாகிறது. தன் வாழ்க்கையின் முதல் பெரும்வெற்றியை ஒருவர் இப்படி எழுத வேண்டிய அவசியமே இல்லை. கடைசி வெடி வாய்க்குள் பாய்ந்தது என்று எழுதியிருந்தால் மறுத்துச் சொல்ல யார் இருந்தார்கள்?

இரண்டு, செத்த புலியின் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருக்கின்றன. பழைய துப்பாக்கிக் காயம். யாரோ ஒருவர் பொருந்தாத துப்பாக்கியாலோ பொறுப்பில்லாத கையாலோ சுட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். அதன் பிறகுதான் 436 பேர். அந்த முதல் ஆளின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

மூன்றாவதைத்தான் இப்போது திரும்பப் படித்தபோது கண்டுபிடித்தேன். காட்டை வளைக்க ஊரார் 298 பேர் திரள்கிறார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கிகளை அன்று ஒருநாள் கண்டுகொள்ளமாட்டேன் என்று தாசில்தார் அறிவித்திருக்கிறார். உடனே மறைத்து வைத்திருந்த ஓட்டை உடைசல் துப்பாக்கிகள் எல்லாம் வெளியே வருகின்றன. கார்பெட் அதைச் சிரிப்போடுதான் எழுதுகிறார். ஆனால் யோசித்துப் பாருங்கள். புலி தின்றுகொண்டிருந்த ஊரில் மக்களிடம் துப்பாக்கி இருந்திருக்கிறது, சட்டத்துக்குப் பயந்து கூரைக்குள் இருந்திருக்கிறது. கார்பெட் இதை விவாதிக்கவில்லை. ஆனால் மறைக்கவும் இல்லை. அவருடைய நேர்மை அவருடைய அரசியலைவிடப் பெரியது.

துப்பாக்கி எண்ணிக்கை கூடினால் தீர்வு வந்துவிடும் என்றும் அவர் நம்மை ஏமாற்றவில்லை. ருத்ரபிரயாக் சிறுத்தை 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்றது. கட்வாலில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் உரிமங்கள் இருந்தன. அரசு மேலும் 300 சிறப்பு உரிமங்கள் கொடுத்தது. பொறி வைத்தார்கள், விஷம் வைத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. அந்த நூலில் எனக்குப் பிடித்த பாத்திரம் ரிக்பி ரைபிள் அல்ல, பொழுது சாய்ந்ததும் தாழிடப்படும் கதவு.

*

ஆண்டர்சன் நமக்குக் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. பெங்களூரில் வாழ்ந்து ஜவளகிரி, பென்னாகரம், ஏலகிரி என்று நமக்குத் தெரிந்த ஊர்களில் திரிந்தவர். அவருடைய துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்கவேட்டைக்குக் கொண்டுபோனதும் இதே வகைதான். ஆண்டர்சன் அதை ஒரு பழைய நண்பனைப் போலக் கதைக்குக் கதை அழைத்து வருகிறார். இங்கேதான் எனக்கு அவரிடம் மனக்குறை. கார்பெட்டிடம் துப்பாக்கி பிசகும், ஆள் பயப்படுவார். ஆண்டர்சனிடம் .405 பெரும்பாலும் கடைசிப் பத்தியில் சரியாக வெடித்துவிடுகிறது. புலியின் மனதுக்குள் புகுந்து எழுதும் பக்கங்கள் சுவாரசியமானவை, ஆனால் அங்கே எனக்கு எழுத்தாளர்தான் தெரிகிறார், புலி தெரியவில்லை.

ஆனால் கார்பெட்டிடம் இல்லாத ஒன்று ஆண்டர்சனிடம் உண்டு. பூசாரி பழங்குடியைச் சேர்ந்த பைரா, முத்தூர் ரங்கா என்று இரண்டு மனிதர்கள். நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு வேட்டை ஆடுபவர்கள். சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். காட்டைப் பொறுத்தவரை ஆண்டர்சனுக்கு ஆசான்கள். இந்த முரணை அவர் மனமார ரசித்து எழுதுகிறார். பைரா வரும் பக்கங்களை மட்டும் தனியே எடுத்தால் அவை எந்த நல்ல புனைவுக்கும் ஈடு. அங்கே வின்செஸ்டர் ஓரமாகச் சாய்ந்து கிடக்கிறது.

*

லாக்கின் நூல் மூன்றிலும் வறண்டது. அவர் அவசரகாலத்தின்போது திரங்கானுவில் காலனிய நிர்வாக அதிகாரியாக இருந்தவர். நூலின் ஒரு பகுதி புலியின் பழக்கவழக்கங்களைச் சொல்லும் கையேடு, மறுபகுதி வேட்டை அனுபவங்கள். மொழியில் அலுவலக அறிக்கையின் வாடை. ஆனாலும் மலேசிய வாசகர் தவறவிடக்கூடாத நூல். அன்றைய மலாயாவில் சுமார் 3000 புலிகள் இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. பரணில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கும் அந்தக் காடு இமயமலை அல்ல, நாம் விடுமுறைக்குக் கடந்துபோகும் கிழக்குக்கரை.

அந்த நூலைப் படிக்கையில் பாட்டி சொன்ன தகரச் சத்தம் எனக்கு இடையிடையே கேட்டுக்கொண்டிருந்தது. மரம் வெட்டுபவரின் வேலையை நினைத்துப் பாருங்கள். விடியாத நேரம். நெற்றியில் ஒரு விளக்கு. தனியாள். வெட்டுக்கோடு கீழே இறங்க இறங்க உடலும் குனிந்துகொண்டே போகும். கண் முழுதும் மரத்தின் பட்டையில். புலிக்கு அது நான்குகால் இரை போலத்தான் தெரியும். கையில் இருப்பது உளி. எந்தத் துப்பாக்கி என்கிற கேள்வியே அங்கு எழாது.

எழாமல் போனது தற்செயல் அல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், தொரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் படை வந்தது. சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். இன்று நான் புத்தகம் வாங்கப் போகும் கிள்ளானைச் சுற்றி நடந்தது இது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1949 மே 4ஆம் தேதி, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். குற்றச்சாட்டு, கைத்துப்பாக்கி வைத்திருந்தது. அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரணதண்டனை.

ஆக, மலாயாத் தமிழருக்குத் துப்பாக்கி தெரியாத பொருள் அல்ல. தன்னை நோக்கி நீண்டதாகவும், தொட்டால் தூக்கு என்பதாகவும் தெரிந்த பொருள். அதே ஆண்டுகளில்தான் லாக் திரங்கானுவில் துப்பாக்கியோடு பரண் ஏறிக்கொண்டிருந்தார். இதை அவர் மீது குற்றமாகச் சொல்லவில்லை. பல ஊர்களை அவர் காப்பாற்றினார். ஆனால் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல வாசகர்.

அப்படி எழுதிய ஓர் ஆங்கிலேயர் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல்லின் யானையைச் சுட்ட கட்டுரை, 1936இல் வந்தது. மோல்மீனில் யானை ஒன்று மதம்பிடித்துத் தென்னிந்தியக் கூலி ஒருவரைக் கொன்றுவிடுகிறது. போலீஸ் அதிகாரியான ஆர்வெல்லிடம் இருப்பது .44 வின்செஸ்டர், யானைக்குப் பற்றாது. யானை ரைபிளை ஆளனுப்பி வாங்குகிறார். அந்தத் துப்பாக்கி கைக்கு வந்த கணத்திலிருந்து கூட்டம் அவரைப் பிடித்துத் தள்ளத் தொடங்குகிறது. யானை அதற்குள் அமைதியாகிவிட்டது, சுடத் தேவையில்லை, இருந்தும் சுடுகிறார். பொருத்தமான துப்பாக்கியே பொருத்தமில்லாத செயலைச் செய்ய வைக்கிறது. பிறகு ஐரோப்பியக் கிளப்பில், கூலியைவிட யானைக்கு விலை அதிகம் என்று சில இளைஞர்கள் சொல்வதையும் ஆர்வெல் பதிவு செய்கிறார். செத்தவர் நம்மாள். கட்டுரையில் அவருக்குப் பெயர் இல்லை. சேற்றில் முகம் புதைந்த ஓர் உடல் மட்டும்.

*

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். மலேசியத் தமிழ் இலக்கியம் தோட்டத்தை எழுதியே வளர்ந்தது. சயாம் மரண ரயில் இருக்கிறது, ஜப்பான்காரன் இருக்கிறான், கள்ளுக்கடை இருக்கிறது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’யில் அவசரகாலமும் அதன் துப்பாக்கிகளும் இருக்கின்றன. ஆனால் என் வாசிப்பில் புலி ஒரு வரியில் உறுமிவிட்டுப் போய்விடுகிறது. அல்லது முனியாண்டி சாமியின் வாகனமாகிவிடுகிறது. தகரம் தட்டியபடி நிரைக்குள் போன ஒரு பெண்ணின் பக்கமிருந்து ஒரு முழுக்கதை எனக்குக் கிடைக்கவில்லை.

ஏன் என்று யோசிக்கிறேன். கார்பெட் போல் எழுத வேண்டுமானால் கையில் ரைபிள் வேண்டும் என்று நாமே நம்பிவிட்டோம். சுடுபவனுக்குத்தான் கதை உண்டு, காத்திருப்பவளுக்கு இல்லை. இது வேட்டை எழுத்திலிருந்து நாம் கற்ற தவறான பாடம். கார்பெட்டின் உச்சங்கள் எல்லாம் துப்பாக்கி பயன்படாத இடங்கள்தான். அங்கே அவரும் பாட்டியும் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருட்டு, மூச்சு, எங்கோ ஒரு சருகு நொறுங்கும் ஓசை. அதை எழுத உரிமம் தேவையில்லை.

காலம் இன்னும் ஒரு திருப்பத்தைக் கொடுத்திருக்கிறது. 3000 என்று லாக் கணித்த புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150க்கும் குறைவு. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள், கால்பந்து அணிக்குப் புலிப் பெயர், காட்டில் இவ்வளவுதான். இப்போது சரியான துப்பாக்கி எது என்று கேட்டால், மயக்க ஊசி போடும் துப்பாக்கி என்பதுதான் நாகரிகமான பதில். 2021 அக்டோபரில் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 என்ற புலியைப் பல நாள் தேடி, ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்தத் தேடல் நாட்களில் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்வந்தவர்கள் யார்? கூடலூர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2022 ஜனவரியில் கிளந்தான் குவா மூசாங் அருகே போஸ் பிஹாயில் ஓர் ஒராங் அஸ்லி புலி தாக்கி இறந்தார். வனவிலங்குத் துறை அந்தப் புலியைச் சுட்டுக் கொன்றது. நகரத்தில் உட்கார்ந்து புலிக்காக வருந்திய நண்பர்களில் நானும் ஒருவன். செத்த மனிதரைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கிளப்பில் பேசிய அந்த இளைஞர்களிடமிருந்து நான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறேன் என்று தெரியவில்லை.

மருந்தோ ஈயமோ, துப்பாக்கி மாறலாம். அது பிசகினால் விலை கொடுப்பவர்கள் மாறவில்லை. காட்டோரத்தில் விடியும் முன் வேலைக்குப் போகிறவர்கள்தான்.

தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டுமே. வாட்ஸப்பில் எழுதினேன்: சிறுத்தைக்கு இலகுவான ரைபிள், புலிக்குக் கனமான இரட்டைக்குழல், விரியும் குண்டு, கிட்டத்தில் மட்டும் 12 போர். காயம்பட்ட மிருகத்தைப் பின்தொடர்ந்து போய் முடிக்கத் துணிவில்லாதவன் கையில் எதுவும் வேண்டாம். கார்பெட் முழுக்க இதைத்தான் சொல்கிறார்.

அவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் கேட்டார், “அப்ப உங்க பாட்டி சொன்ன தகரம்ணே? அது வேலை செஞ்சிச்சா?”

பாட்டியிடம் கேட்டேன்.

“தெரியலப்பா. நாங்க சத்தம் போட்டது புலிக்காகவா, எங்க பயத்துக்காகவான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஆனா ஒருநாள் எனக்குப் பக்கத்து நிரையில தகரச் சத்தம் நின்னு போச்சு.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு நூல் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒரு பெரியவரிடம் போய் ஒரு கதை கேட்டுக்கொண்டு வரட்டும்.